பட்டியலில் யார் பெயர் இருக்க வேண்டும்? (ஜும்ஆ உரை)

புகழனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான பெருமானார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! தனிச் சட்டம் இயற்றி கும்பல் கொலையைத் தண்டிக்க வேண்டும் என்று 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவில் அதற்கென ஓர் உட்பிரிவு வந்திருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து, இனம், சாதி அல்லது சமூகம், பாலினம், பிறந்த இடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை அல்லது இவை போன்ற வேறு காரணத்துக்காக ஒருவரைக் கொன்றால், அவர்கள் ஒவ்வொருவருக்கும் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை.

அந்தப் பட்டியலை மறுபடியும் கேளுங்கள். ‘மதம்’ என்ற சொல் அதில் இல்லை. ‘சமூகம்’, ‘நம்பிக்கை’ என்பதிலேயே அது அடங்கிவிடும் என்கிறார்கள் சிலர். அடங்கட்டும், ஆனாலும் வெளிப்படையாக எழுதுங்கள் என்பது நம் கோரிக்கை. அது நியாயமான கோரிக்கை.

“ஹழ்ரத், கொலை கொலைதானே, காரணத்தைப் பார்த்துத் தனிப் பிரிவு எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். நம் ஃபிக்ஹ் கிதாபுகளைப் பாருங்கள். தனிப்பட்ட பகையில் நடந்த கொலையில், வாரிசுகள் மன்னித்தால் கிஸாஸ் நீங்கிவிடும். வழிமறித்துக் கொன்று ஊரையே அச்சத்தில் ஆழ்த்துகிறவன் விஷயம் வேறு. அவனை வாரிசுகள் மன்னித்தாலும் தண்டனை நீங்காது என்பது பெரும்பான்மையான இமாம்களின் கருத்து. ஏன்? பாதிக்கப்பட்டது ஒரு குடும்பம் மட்டுமல்ல, அந்தப் பாதையில் நடக்கும் அத்தனை பேரும். வெறுப்பினால் நடக்கும் கொலையும் இப்படித்தான். வரப்புத் தகராறில் ஒருவர் கொல்லப்பட்டால் அழுவது ஒரு வீடு. பெயருக்காக ஒருவர் கொல்லப்பட்டால், அதே பெயருள்ள பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிய தாய்மார்கள் எல்லோரும் இரவில் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சரி, பட்டியலில் நம் பெயர் வந்துவிட்டால் நம் வேலை முடிந்ததா?

நபித்துவத்துக்கு முன், பெருமானார் அவர்கள் வாலிப வயதில் கலந்துகொண்ட ஓர் ஒப்பந்தத்தை நினைவுகூருங்கள். யமனின் ஸுபைத் குலத்து வியாபாரி ஒருவர் மக்காவுக்குச் சரக்கு கொண்டுவந்தார். ஆஸ் இப்னு வாயில் சரக்கை வாங்கிக்கொண்டு பணத்தைத் தர மறுத்தான். அன்றைய மக்காவில் ஒருவருக்குப் பாதுகாப்பு அவருடைய குலம்தான். இவருக்கோ அங்கே குலம் இல்லை. அபூ குபைஸ் மலையில் ஏறி நின்று முறையிட்டார். குறைஷிகளில் சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடி, உள்ளூர்க்காரர் ஆனாலும் வெளியூர்க்காரர் ஆனாலும், அநீதி இழைக்கப்பட்டவரின் பக்கம் நிற்போம் என்று சத்தியம் செய்தார்கள். அதுதான் ஹில்ஃபுல் ஃபுளூல். இஸ்லாம் வந்த பின்னும் அப்படி ஒன்றுக்கு அழைக்கப்பட்டால் ஏற்பேன் என்று பெருமானார் சொன்னார்கள். அழைத்தவர்கள் முஸ்லிம்கள் அல்ல, காப்பாற்றப்பட்டவரும் முஸ்லிம் அல்ல!

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். 2018இல் போளூர் அருகே, பிள்ளை பிடிப்பவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். அவருடைய சாதியையோ மதத்தையோ அந்தக் கூட்டம் விசாரிக்கவில்லை. அறியாத முகம், அவ்வளவுதான். எந்தப் பட்டியலில் அவருடைய பெயரை எழுதுவீர்கள்?

இன்னொன்றையும் பாருங்கள். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் காக்கிறது. ஆனால் 1950ஆம் ஆண்டு ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர். இஸ்லாத்தையோ கிறிஸ்தவத்தையோ ஏற்ற சகோதரர் அந்தப் பாதுகாப்பை இழந்துவிடுகிறார். அவரை அடிக்க ஓங்கும் கை சான்றிதழைப் பார்த்துவிட்டா ஓங்குகிறது?

ஆகவே நமக்காகக் கேட்கும் அதே வாயால் மற்றவர்களுக்காகவும் கேளுங்கள். மாற்றுத்திறனாளி என்ற சொல்லும் அந்தப் பட்டியலில் இல்லை. ‘இவை போன்ற வேறு காரணம்’ என்பதற்குள் அவரும் அடங்குவாரா என்று நீதிமன்ற வாசலில் அவர் ஏன் காத்திருக்க வேண்டும்? இங்கிலாந்தின் வெறுப்புக் குற்றச் சட்டங்களில் இனம், மதம் ஆகியவற்றோடு மாற்றுத்திறனும் இருக்கிறது. பாலியல் நாட்டமும் திருநர் அடையாளமும் இருக்கின்றன. அவர்களோடு ஒரே வரிசையில் நாம் எப்படி நிற்பது என்று சிலருக்குத் தயக்கம் வரும். மார்க்கத்தின் ஹலால் ஹராம் யாருக்காகவும் மாறாது. ஆனால் ஒருவரைத் தெருவில் போட்டு அடிப்பது ழுல்ம். அதைத் தடுப்பது அவருடைய வாழ்க்கை முறைக்கு ஃபத்வா கொடுப்பது ஆகாது. ஒரு கூட்டத்தாரின் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து விலக்கிவிடக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் எச்சரிக்கிறது. நமக்குப் பிடித்தவருக்கு மட்டும் நீதி கேட்க அந்த வசனம் தேவையே இல்லை.

வாலிபர்களே! பிறந்த இடமும் மொழியும் பட்டியலில் இருப்பது யாருக்காக? நம் தெருவில் கட்டட வேலை செய்யும் பீகார், வங்காளத் தொழிலாளிக்காகவும்தான். அவரை ‘வடக்கன்’ என்று இளக்காரமாகக் கூப்பிடுகிறவர், தன் பெயருக்காகத் தன்னை வெறுக்கிறார்கள் என்று எந்த முகத்தோடு முறையிடுவார்? ஒருவரைக் கூட்டம் சூழ்ந்தால் செல்போனில் படம் எடுக்காதீர்கள். 112க்கு அழையுங்கள். சாட்சி சொல்ல முன்வாருங்கள். உறுதிசெய்யாத செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்று பெருமானார் முஆத் ரளியல்லாஹு அன்ஹு அவர்களை யமனுக்கு அனுப்பும்போது எச்சரித்தார்கள். அந்த துஆ நமக்கு எதிராக எழும்பிவிடக் கூடாது.

யா அல்லாஹ்! எங்களை ழுல்ம் செய்பவர்களாகவும் ஆக்காதே, ழுல்மைப் பார்த்து வாய்மூடி நிற்பவர்களாகவும் ஆக்காதே. ஆமீன். அஸ்ஸலாமு அலைக்கும்.