ஈடு

ஆடித்தபசு முடிந்த மறுநாள் எங்கள் கிளையில் நகைக்கடன் பகுதியில்தான் கூட்டம். திருவிழாவுக்கு வந்தவர்கள் திருப்பூருக்கு பஸ் ஏறுமுன் வட்டி கட்டுவார்கள், சிலர் நகையைத் திருப்புவார்கள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் ஒரு பெண் கம்மலை வாங்கிக்கொண்டே சொன்னாள்: "புது சூப்பர்வைசர் ஏசவே மாட்டாரு சார். 'சாப்பிட்டியாம்மா'ன்னு கேப்பாரு. அவருக்காகவே மணிக்குப் பத்து பீஸ் கூடத் தைக்கோம்."

அவள் சந்தோஷத்தில் பொய் இல்லை. ஏச்சைவிட இது மேல் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் உற்பத்தியைக் கூட்டும் உத்தியாக ஆனபின் அன்பு அன்பாக எஞ்சுகிறதா?

நிர்வாகத்தார் இதை 'ஈடுபாடு' என்கிறார்கள். நகைக்கடன் எழுதும் என் காதில் முதலில் விழுவது 'ஈடு'தான். ஈடு வைத்த நகையை மீட்கலாம். எட்டு மணி நேரம் ஊசிமுனையில் வைத்த கவனத்தை மீட்பதற்குச் சீட்டு கிடையாது.

சிகாகோ அருகே ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1927இல் ரிலே கோர்க்கும் ஐந்து பெண்களைத் தனி அறையில் வைத்துச் சோதித்தார்கள். இடைவேளை கொடுத்தார்கள், பேச அனுமதித்தார்கள், கருத்துக் கேட்டார்கள். உற்பத்தி கூடியது. இதிலிருந்து எல்டன் மேயோவின் 'மனித உறவு'க் கொள்கை உலகெங்கும் பரவியது. ஆனால் 1928 ஜனவரியில் அவர்களில் இருவர் அதிகம் பேசுவதாகவும் ஒத்துழைக்காததாகவும் சொல்லி மாற்றப்பட்டார்கள். ஈடுபாடு அளக்கப்பட்டது மிஞ்சியவர்களிடமும் புதிதாக வந்தவர்களிடமும்தான்.

1934-35இல் பாரிஸ் ஆலைகளில் உழைத்த சிமோன் வெய்ல், அதன்பின் யாராவது முரட்டுத்தனமின்றிப் பேசினால் ஏதோ தவறு நேர்ந்துவிட்டதாக உணர்ந்தார். 'சாப்பிட்டியாம்மா' ஏன் இவ்வளவு பெரிதாகிறது என்பதற்கு இதுவே விடை. அந்தச் சொல்லுக்கு விலை ஏற்றியது அதற்கு முந்தைய ஏச்சு.

திண்டுக்கல் பக்கம் 2021 ஜனவரியில் ஆடைத் தொழிற்சாலைப் பெண் ஒருத்தி கொல்லப்பட்டாள். கைதானவர் அவளுடைய சூப்பர்வைசர். பெண்கள் தலைமையேற்ற டி.டி.சி.யு. தொழிற்சங்கம் 2022இல் கண்ட திண்டுக்கல் ஒப்பந்தம் சூப்பர்வைசர்களுக்கு நற்குண உபதேசம் செய்வதோடு நிற்கவில்லை. தொழிலாளிப் பெண்களையே கண்காணிப்பாளர்களாக்கியது. புகார் சொன்னவரைப் பழிவாங்கத் தடை விதித்தது. மீறினால் ஆலைக்கு வியாபார இழப்பு வரும்படி துணி வாங்கும் நிறுவனங்களையும் கட்டியது.

சூப்பர்வைசர் மனத்தில் இருப்பது அன்பா உத்தியா என்பது அவருக்கே தெரியாமலிருக்கலாம். அதைத் தேடுவது வீண். 'இன்னைக்கு முடியாது' என்று அவள் சொன்ன மறுநாளும் சாப்பிட்டாயா என்று கேட்பாரா? கேட்காவிட்டால் அவளுக்கு நிற்க வேறு தரை இருக்கிறதா? இதுதான் கேள்வி.

எனக்கும் மாத டார்கெட் உண்டு. "ஊர்ல அம்மா சுகமா?" என்று அவளிடம் விசாரித்தேன். பிறகு இன்ஷூரன்ஸ் படிவத்தை நீட்டினேன்.

"வேண்டாம் சார்" என்றாள்.

அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.