அசுரனுக்கு ஒரு முகம்

அழகானதைச் செய்கிறவனுக்கு எவ்வளவு சிரத்தை வேண்டுமோ, அவ்வளவு சிரத்தை கோரமானதைச் செய்கிறவனுக்கும் வேண்டும். கடலூர் வண்டிப்பாளையத்திலும் பண்ருட்டியிலும் கொலுப் பொம்மை செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். களிமண்ணையோ காகிதக் கூழையோ அச்சில் அழுத்தி எடுத்து, காயவைத்து, வெள்ளை பூசி, அதன்மேல் வர்ணம் தீட்டும்போது, துர்க்கைக்கு ஒரு தூரிகையும் மகிஷாசுரனுக்கு ஒரு துடைப்பமுமாக அவர்கள் எடுப்பதில்லை. அதே கை, அதே நிதானம். அசுரனின் மீசை கோணிப் போனால் பொம்மை விலை போகாது. கெட்டவனுக்கும் லட்சணமாக முகம் எழுதித்தான் ஆகவேண்டும். அது தொழில் தர்மம்.

அந்தத் தொழில் தர்மத்துக்குள் ஒரு தர்மசங்கடமும் ஒளிந்திருக்கிறது. தீமைக்கு முகம் எழுதலாமா? எழுதுவதென்றால் யாருடைய முகத்தை எழுதுவது?

மஞ்சக்குப்பத்தில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. அவருடைய மகன் கல்லூரியில் படிக்கிறான். அவன் மேஜையின் மேல் ஓர் அங்குல உயரத்தில் நாற்பது ஐம்பது பூதங்கள் நிற்கின்றன. கொம்பு முளைத்தவை, சிறகு முளைத்தவை, வாயே வயிறாக இருப்பவை. பையன் ஒரு பூதக்கண்ணாடியை — என்ன பெயர்ப் பொருத்தம்! — வைத்துக்கொண்டு, நாலே மயிர் உள்ள தூரிகையால் அவற்றுக்கு வர்ணம் தீட்டுகிறான். முதலில் ஒரு பூச்சு. அது காய்ந்ததும் நிறம். பிறகு தண்ணீராய்க் கரைத்த கறுப்பை ஓடவிட்டால் அது மடிப்புகளில் தங்கி நிழலாகிறது. கடைசியில் மேடான இடங்களில் வெளிர் நிறம். ஞாயிற்றுக்கிழமை நாலு சிநேகிதர்கள் கூடி, இந்தப் பூதங்களை நிறுத்தி, பகடை உருட்டி, கதை சொல்லி விளையாடுகிறார்கள். ஒருவன் கதையை நடத்துகிறான். மற்றவர்கள் அதில் வீரர்களாகவும் மந்திரவாதிகளாகவும் வேஷம் கட்டுகிறார்கள்.

“பாருங்க ஸார், வயசுப் பிள்ளை பிசாசுகளுக்குப் பவுடர் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கான்!” என்று நண்பர் என்னிடம் முறையிட்டார்.

பையன் தலை நிமிராமலே சொன்னான்: “கொலுவிலே இரணியன் கிரீடத்துக்கு நீங்கதானேப்பா சமிக்கி ஒட்டினீங்க?”

நண்பர் வாயடைத்துப் போனார். நான் பையன் கட்சி. ஆனாலும் அவன் கட்சியிலேயே நின்றுகொண்டு, அவனுக்கும் சேர்த்து ஒன்று சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த விளையாட்டு 1974இல் அமெரிக்காவில் பிறந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் என்ற இருவர் அதற்கு விதிகள் எழுதினார்கள். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்று பெயர். பாதாள அறைகளும் பறக்கும் நாகங்களும் என்று சொல்லலாம். ஹாங்காங்கில் செய்த மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளைக் கடையில் வாங்கி வந்து, அவற்றின் உருவத்தைப் பார்த்துப் பார்த்தே சில பூதங்களுக்குப் பெயரும் குணமும் கற்பித்தாராம் கைகாக்ஸ். முதலில் முகம், பிறகு குணம்! விளையாட்டில் இது வேடிக்கை. வாழ்க்கையில் நாம் தினந்தோறும் செய்துகொண்டிருப்பதும் இதுதான் என்று நினைக்கும்போது அந்த வேடிக்கை போய்விடுகிறது.

பொம்மைகளை நிறுத்திப் போர் நடத்துவதற்கு விதிகள் எழுதி, 1913இல் ஒரு புத்தகம் போட்டார் ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ். நிஜப் போரைக் காட்டிலும் இந்தச் சின்னப் போர் எவ்வளவோ மேல் என்பது அவர் வாதம். மறு வருஷமே உலக யுத்தம் மூண்டது. பொம்மை யுத்தம் நிஜ யுத்தத்தைத் தடுக்கவில்லை; அதை மூட்டியதும் பொம்மை அல்ல. பொம்மை மனிதனை நல்லவனாக்குவதில்லை, கெட்டவனாக்குவதும் இல்லை. ஆனால் அது அவன் கண்ணைப் பழக்குகிறது. நான் கவலைப்படுவது அந்தக் கண்ணைப் பற்றித்தான்.

நம்முடைய ராட்சசனும் அந்த விளையாட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறான். 1977இல் வெளியான அவர்களுடைய பூதங்களின் புத்தகத்தில் அவனுக்குப் புலித் தலை, உடம்பில் சீமான் வீட்டு அங்கி, வாயில் சுங்கான்! பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் கடலூர், சிதம்பரத்துக்காரர்கள் சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் யோசிக்கவேண்டும். நம் இரண்டு ஊர்களிலும் புலியின் பெயர் இருக்கிறது. ஒன்று திருப்பாதிரிப்புலியூர், மற்றொன்று பெரும்பற்றப்புலியூர். அந்தப் புலி யார்? வியாக்கிரபாதர் என்ற புலிக்கால் முனிவர். வண்டு மொய்க்கும் முன்பே பூஜைக்குப் பூப்பறிக்க வேண்டும், இருட்டில் வழுக்காமல் மரம் ஏறவேண்டும் என்பதற்காகப் புலியின் கால்களை வரமாகக் கேட்டு வாங்கியவர். அவர் பக்கத்தில் பதஞ்சலி; இடுப்புக்குக் கீழே பாம்பு. பாதி மிருகமான இந்த இரண்டு பேரும் தில்லைக் கூத்தனைக் கைகூப்பி நிற்கிறார்கள்.

காலடியில் கிடக்கிற முயலகனைப் பாருங்கள். கொம்பில்லை, வாலில்லை, கோரைப் பல்லில்லை. குறுகிய உருவம்தான்; ஆனாலும் முழு மனித உருவம். கொலுப் படியிலும் இதே கதைதான். சிங்க முகத்தோடு இருப்பது சாமி. அதன் மடியில் கிடக்கிற அழகான ராஜா அசுரன். “மகிஷனுக்கு எருமைத் தலை இல்லையா?” என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் மாமல்லபுரத்துச் சிற்பி அந்தத் தலைக்குக் கீழே ஒரு வீரனின் உடம்பையல்லவா வைத்திருக்கிறான்!

நம்மிடம் இப்படி ஒரு பார்வை இருந்திருக்கிறது. அதை நாம் காப்பாற்றினோமா? கன்னத்தில் மரு, கழுத்தில் கைக்குட்டை, கட்டம் போட்ட லுங்கி, கறுத்த மேனி — நம்முடைய சினிமாவில் ரௌடி என்றால் இதுதானே அச்சு? லுங்கி கட்டுகிற ஏழையும் கறுத்த மேனிக்காரனும் என்ன பாவம் செய்தார்கள்? தில்லைக்கு வந்த நந்தனார், பிறப்பை எண்ணி எல்லையிலேயே நின்றார். நெருப்பில் புகுந்து வெளிவந்த பிறகுதான் அவரால் உள்ளே போக முடிந்தது என்கிறது பெரிய புராணம். அவரை வெளியே நிறுத்தியது எந்தப் பூதம்? அதற்குக் கொம்பு இருந்ததா? இல்லை, ஐயா. குளித்து, நீறு பூசி, பிள்ளைகுட்டிகளிடம் பிரியமாக இருந்த சாதாரண ஜனங்களின் சம்மதம்தான் அந்தப் பூதம். எந்தப் பொம்மைக்காரனாலும் அதற்கு அச்சு எடுக்க முடியாது.

விளையாடுகிறவர்களே இதை யோசித்திருக்கிறார்கள் என்பது சந்தோஷமான விஷயம். ஆர்க் என்ற இனத்தை அந்த விளையாட்டு வெகுகாலம் பிறவியிலேயே தீயதாகச் சித்திரித்து வந்தது. 2020இல் அதை வெளியிடும் நிறுவனம், அவர்களையும் மற்ற ஜனங்களைப் போல நல்லதும் பொல்லாததும் கலந்தவர்களாகவே இனிக் காட்டுவோம் என்று அறிவித்தது. பொம்மைக்கே நியாயம் கிடைத்துவிட்டது, மனிதர்களுக்குத்தான் பாக்கி.

ஆகவே பூதங்களுக்கு வர்ணம் தீட்டாதே என்று நான் சொல்லமாட்டேன். முகமில்லாத பயம் மனிதனைத் தின்றுவிடும். அதை ஓர் அங்குலமாக்கி, மேஜை மேல் நிறுத்தி, நிறம் கொடுத்துப் பார்க்கிறவனுக்குத் தைரியம் பிறக்கிறது. ஆனால் மேஜையை விட்டு எழுந்து தெருவுக்கு வரும்போது, அந்த முகத்தை யார் தோளிலாவது பொருத்திப் பார்க்கக் கூடாது.

முயலகனுக்கு அபஸ்மாரம் என்று ஒரு பெயர் உண்டு. நினைவு தப்புதல் என்று பொருள். கூத்தன் அவனைக் கொல்லவில்லை; மிதித்துக்கொண்டே ஆடுகிறான். காலை எடுத்தால் அவன் எழுந்துவிடுவான். எதிரே நிற்பவனும் மனிதன் என்பதை மறக்கிற ஒவ்வொரு கணமும் அவன் எழுந்துகொண்டுதான் இருக்கிறான். அப்போது அவனுக்கு இருக்கிற முகம், கண்ணாடியில் நாம் தினமும் பார்த்துத் தலைவாரிக் கொள்கிற முகம்தான்.