இது ஈஸிதான்

என் அண்ணன் மகளுக்குப் பதினாறு வயது ஆனபோது ஒரு மரக்கப்பல் கிட் வாங்கிக் கொடுத்தேன். கப்பல் என்பது கொஞ்சம் அதிகம். ஒரு சின்ன மீன்பிடிப் படகு. இரண்டு சாண் நீளம்கூட வராது. பெட்டியின் மேல் 'தொடக்கநிலை' என்று போட்டிருந்தது. அவள் கேட்டது வேறு. 104 பீரங்கிகளோடும் மூன்று பாய்மரங்களோடும் போரிட்டு, போர்ட்ஸ்மவுத்தில் இன்றும் நிற்கிற விக்டரி, டிராஃபால்கர் போரில் நெல்சன் உயிரை விட்ட கப்பல். யாரோ அதைச் செய்வதை யூடியூபில் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறாள். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா. மொதல்ல இதப் பண்ணு. இது ஈஸிதான்" என்றேன்.

விலையும் ஒரு காரணம், மறைப்பதற்கில்லை. நல்ல விக்டரி கிட் ஒன்றை வரவழைக்கும் காசில் ஓடுகிற நிலையில் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கிவிடலாம்.

இரண்டு மாதம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். படகு அச்சின் மேல் தலைகீழாகக் கிடந்தது. ஒரு பக்கம் மூன்று பலகை, இன்னொரு பக்கம் இரண்டு. மூன்றாவது பலகையின் முனை படகின் மூக்கில் போய் உட்காராமல் ஒரு விரற்கடை மேலே எகிறி நின்றது. சுற்றிலும் ஃபெவிகால் காய்ந்த தடம். அவள் எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்து மூடி என்னிடம் நீட்டினாள். "எனக்குக் கை வரல சித்தப்பா. ஈஸியானதே வரல."

கிட் சரியில்லை என்று அவள் சொல்லவில்லை. நான் சொன்னது பொய் என்றும் சொல்லவில்லை. படகு சுலபம் என்ற என் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொண்டு, மிச்சமிருந்த ஒரே முடிவுக்கு வந்திருந்தாள். கோளாறு தன்னிடம்தான் என்று. பெட்டியை வாங்கிக்கொண்டு பைக்கில் வரும்போது எனக்கு என்னவோ போல இருந்தது. ஒரு பொருள் கடினமா சுலபமா என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருந்தது?

பெட்டிக்கு என்ன தகுதி என்றும் கேட்கலாம். மரக்கப்பல் கிட் செய்பவர்கள் இத்தாலியில், ஸ்பெயினில், அமெரிக்காவில், டென்மார்க்கில் எல்லாம் இருக்கிறார்கள். தொடக்கநிலை, இடைநிலை, உயர்நிலை என்று பெட்டியில் போடுகிறார்கள். ஆனால் ஒருவருடைய இடைநிலை இன்னொருவருடைய உயர்நிலை. மொத்தத்தில் அளவு சிறிதாக, பாய்மரம் குறைவாக, உதிரிகள் கொஞ்சமாக இருந்தால் சுலபம் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன், இரண்டு மூன்று கப்பல் முடித்த பிறகும்கூட.

விக்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாய்மரத்துக்கு ஏறுகிற கயிற்று ஏணிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் குறுக்கே போகிற ஒவ்வொரு படியும் நெடுக்கே போகிற ஒவ்வொரு கயிற்றையும் சந்திக்கும் இடத்தில் ஒரு முடிச்சு வேண்டும். குளோவ் ஹிட்ச் என்பார்கள். நெடுக்கே எட்டுக் கயிறு, குறுக்கே இருபத்தைந்து படி என்று வைத்தால் ஒரு ஏணிக்கே இருநூறு முடிச்சு. மூன்று பாய்மரம், இரண்டு பக்கம், அதற்கு மேல் இன்னொரு அடுக்கு. ஆயிரத்தைச் சாதாரணமாகத் தாண்டும். கேட்டாலே மலைப்பாக இருக்கிறது. ஆனால் முதல் இருபது முடிச்சில் கை பழகிவிடும். மிச்சமெல்லாம் அதே முடிச்சுதான். ஒன்று கோணலாகப் போனால் அந்த நிமிஷமே தெரியும், நறுக்கிவிட்டு இன்னொன்று போடலாம். உடம்பு வேறு அதிர்ஷ்டம் செய்தது. பல பெரிய கிட்டுகளில் இரண்டு அடுக்குப் பலகை. முதல் அடுக்கு எப்படி அசிங்கமாக வந்தாலும் புட்டி பூசி, உப்புத்தாள் தேய்த்து, அதன் மேல் அரை மில்லிமீட்டர் கனத்தில் வால்நட் மரப் பட்டையை ஒட்டிவிட்டால் பாவமெல்லாம் மறைந்துவிடும்.

நான் வாங்கிக் கொடுத்த படகில் ஒரே அடுக்கு. உள்ளும் புறமும் திறந்து கிடக்கும், ஒளிக்க இடமில்லை. அதுவும் கிளிங்கர் முறை. ஓடு வேய்வதுபோல ஒரு பலகையின் விளிம்பின் மேல் அடுத்த பலகையின் விளிம்பு ஏறி உட்காரும். வைக்கிங்குகள் கட்டியது இப்படித்தான். நார்வேயில் 1880இல் மண்ணுக்கு அடியிலிருந்து எடுத்த கோக்ஸ்டாட் கப்பலில் அதைப் பார்க்கலாம். படகு நடுவில் பருத்து இரண்டு முனையிலும் ஒடுங்குவதால் பலகைக்குப் பலகை சாய்வு மாறிக்கொண்டே போகும். அதனால் ஒவ்வொரு பலகையும் ஒட்டிய பிறகு, அடுத்தது உட்காரப்போகும் விளிம்பைச் சாய்வாகச் சீவ வேண்டும். அந்தச் சாய்வும் நெடுகிலும் ஒன்றுபோல இருக்காது, நடுவில் ஒரு கோணம், மூக்குப் பக்கம் போகப்போக இன்னொன்று. பலகைகள் லேசரில் வெட்டியே வரும். சாய்வை மட்டும் கைதான் சீவ வேண்டும். குறிப்புத்தாளில் அதற்கு ஒன்றரை வரி.

அண்ணன் மகள் முதல் பலகையில் சாய்வைக் குறைவாகச் சீவியிருக்கிறாள். இரண்டாவது பலகை அதன் மேல் கொஞ்சம் தூக்கி உட்கார்ந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவு. மூன்றாவது வந்தபோது இரண்டின் பிழையும் கூட்டுச் சேர்ந்து மூக்கில் எகிறிவிட்டது. தப்பு ஒரு இடத்தில், தண்டனை வேறு இடத்தில். மூன்றாவது பலகையோடு ஒரு வாரம் மல்லுக்கு நின்றிருக்கிறாள். வெந்நீரில் ஊறவைத்திருக்கிறாள், கிளிப் போட்டிருக்கிறாள், ராத்திரி முழுக்க ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியிருக்கிறாள். அந்தப் பலகை மேல் எந்தக் குற்றமும் இல்லை.

ஆயிரம் முடிச்சு போட வேண்டிய கப்பல் 'உயர்நிலை'. இந்தப் படகு 'தொடக்கநிலை'. எண்ணிக்கையை நாம் கடினம் என்று தவறாகப் படித்துவிடுகிறோம் என்று எனக்கு இப்போது படுகிறது. எண்ணிக்கை கேட்பது பொறுமையை, கூடவே வருஷக்கணக்கில் ஒரு மேஜையை. அது சின்ன விஷயம் என்று சொல்லவரவில்லை, வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு மேஜை பெரிய விஷயம். ஆனால் தன் பிழையைத் தானே கண்டுபிடிக்க முடியாத வேலையின் கஷ்டம் வேறு ஜாதி.

இந்த இடத்தில் வள்ளுவர் ஞாபகம் வந்தார். வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அதன் முதல் குறள், இறங்குவதற்கு முன் நான்கு வலிமைகளை எடைபோடச் சொல்கிறது. செய்யப்போகிற வேலையின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணை நிற்பவர்களின் வலிமை. அரசனுக்குச் சொன்னதை மரப்படகுக்கு இழுப்பது கொஞ்சம் ஓவர்தான். இருந்தாலும் பாருங்கள், பெட்டியில் அச்சடிக்க முடிந்தது இந்த நான்கில் முதலாவது மட்டும். அதுவும் மற்ற மூன்றையும் தெரிந்ததுபோல் பாவித்துக்கொண்டு. அவள் கை எப்படிப்பட்டது, சென்னைக் காற்றின் ஈரத்தில் மரம் எப்படி முறுக்கிக்கொள்ளும் (எதிரி என்று இதைத்தான் சொல்வேன்), பக்கத்தில் யார் இருக்கிறார்கள், ஒன்றும் பெட்டிக்குத் தெரியாது.

ஐந்து கிலோ அரிசி எனக்கும் ஐந்து கிலோ, என் பாட்டிக்கும் ஐந்து கிலோ. தராசு பொய் சொல்லாது. தூக்குகிற கஷ்டம் மட்டும் இருவருக்கும் ஒன்றல்ல. அப்படியானால் கடினம் என்பது அவரவர் மனசு சம்பந்தப்பட்டது, 'உனக்குக் கஷ்டம், எனக்கு ஈஸி' என்று முடித்துவிடலாமா? அதுவும் சரியாக வரவில்லை. சாய்வு சீவும் இடத்தில் கை தடுமாறாத ஆளை நான் பார்த்ததில்லை. முப்பது வருஷமாகக் கப்பல் செய்பவர்களும் அந்த இடம் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிகிறார்கள். படகுக்குள் ஏதோ ஒன்று நிஜமாகவே இருக்கிறது. அது யாரிடம் எப்படி வெளிப்படும் என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

துணைவலி என்பதற்குக் கப்பல் மாதிரிகளின் சரித்திரத்திலேயே ஒரு பெரிய சாட்சி உண்டு. நெப்போலியன் காலத்துப் போர்களில் பிடிபட்ட பிரெஞ்சுக்காரர்கள் இங்கிலாந்தில் வருஷக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். நார்மன் கிராஸ் என்ற இடத்தில் 1797இல் இதற்காகவே ஒரு பெரிய முகாம் திறந்தார்கள். சாப்பாட்டில் மிஞ்சிய எலும்பைச் சேர்த்துவைத்து, சீவி, மெல்லிய பட்டைகளாக்கி, அதில் போர்க்கப்பல் செய்து முகாம் சந்தையில் விற்றார்கள் கைதிகள். பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் இன்றும் அவர்கள் கைவேலை இருக்கிறது. படத்தைப் பார்த்தாலே நமக்கு மூச்சு முட்டும். அந்தப் பெட்டிக்கு, பெட்டி என்று ஒன்று இருந்திருந்தால், என்ன நிலை போட்டிருப்பார்கள்? அங்கே பலர் சேர்ந்து உட்கார்ந்து வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். எலும்பு செதுக்கத் தெரிந்தவன் இருந்தான், கயிறு கட்டத் தெரிந்த மாலுமி இருந்தான். நேரத்துக்கு விலையே இல்லை. வெளியே விடும்வரை நேரம் ஒன்றுதான் கொட்டிக் கிடந்தது. அதைப் போய் நான் வாரக் கடைசியில் இரண்டு மணிநேரம் ஒதுக்கி, நடுவில் போனையும் பார்த்துக்கொண்டு செய்கிற வேலையோடு எந்தத் தராசில் வைப்பது?

கடினத்தைப் பற்றி யோசித்த தத்துவவாதிகளில் எனக்கு உதவியவர் ஃபிலிப்பா ஃபுட். 1978இல் வந்த அவருடைய நூலில் ஒரு பழைய சிக்கலை எடுக்கிறார். நல்ல காரியத்தைக் கஷ்டப்பட்டுச் செய்பவர் உயர்ந்தவரா, கஷ்டமே இல்லாமல் செய்பவர் உயர்ந்தவரா? அவர் பதில், அந்தக் கஷ்டம் எங்கிருந்து வருகிறது என்று பார் என்பது. வறுமையால் ஒருவருக்கு நேர்மையாக இருப்பது கடினமாகிறது என்றால் அந்தக் கடினம் அவர் நேர்மையின் மதிப்பைக் கூட்டுகிறது. கை நீளம் என்பதால் கடினமாகிறது என்றால் அப்படிக் கூட்டாது. என் மேஜைக்கு இதைக் கொண்டுவந்து பார்த்தேன். நான் பட்ட கஷ்டத்தில் பாதி மரத்திலிருந்து வந்தது, பாதி என் அவசரத்திலிருந்து. பசை காய்வதற்குள் கையை வைத்துவிட்டு, 'இந்தக் கப்பல் ரொம்ப டஃப்புங்க' என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். முடித்தவர்கள் எல்லோருக்கும் இந்த ஆசை உண்டு. நாம் ஏறிய மலை உயரமாக இருக்க வேண்டும். அடுத்தவர் ஏறப்போகும் மலை மட்டும் சின்னதாக இருந்தால் போதும்.

'உனக்கு இது வராது' என்று சொல்வது கொடுமை என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கே ஒருவர் அப்படிச் சொல்லியிருக்கிறார், அந்தக் கோபத்திலேயே என் முதல் கப்பலை முடித்தேன். கோபம் எனக்குத் துணையாக இருந்தது. 'ஈஸிதான்' என்று அன்பாகச் சொல்வதில் அந்த வசதிகூட இல்லை. செய்து முடித்தால், ஈஸியானதைத்தானே செய்தாய். முடிக்காவிட்டால், ஈஸியானதைக்கூடச் செய்யவில்லை. ஜெயித்தாலும் கணக்கில் சேராது, தோற்றால் இரண்டு மடங்கு தோல்வி. கோபித்துக்கொள்ளவும் முடியாது, பிரியமாகச் சொன்ன ஆளிடம் எப்படிக் கோபிப்பது? கணக்குப் பாடத்தில், டிரைவிங்கில், ஆங்கிலத்தில், முதல் வேலையில் என்று நம்மில் எத்தனை பேர் இந்த வார்த்தையைக் கேட்டு வாயை மூடிக்கொண்டோம்.

சரி, வேறு எப்படித்தான் சொல்வது? அமெரிக்காவின் மாடல் ஷிப்வேஸ் நிறுவனத்துக்காக டேவிட் ஆன்ட்ஷெர்ல் மூன்று சின்னப் படகுகளை ஒரு வரிசையாக அமைத்திருக்கிறார். முதலில் ஒரு டோரி, பிறகு ஒரு நார்வே பிராம், கடைசியில் பாயோடு போகிற ஒரு லாப்ஸ்டர் படகு. வேடிக்கை என்னவென்றால் அந்த முதல் டோரியும் பலகை மேல் பலகை ஏறுகிற ரகம்தான், நான் கொடுத்ததைப் போலவே. ஆனால் அங்கே பலகைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம், வாசிப்பவருக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியும் விளக்கப்படுகிறது. படகின் சாய்வு குறையவில்லை, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். நான் செய்யாமல் விட்டதும் அதுதான். எங்கே மாட்டும், மாட்டினால் தப்பு எதற்கு முன்னால் நடந்திருக்கும், பிரித்து மறுபடி ஒட்ட முடியுமா, இவ்வளவையும் ஒரு காபி குடிக்கிற நேரத்தில் சொல்லியிருக்கலாம். ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொண்டேன். வார்த்தை சின்னதாக இருந்ததால் அன்பாகவும் தோன்றியது.

போன மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி போனேன். அவள் ஆர்வமாக ஒன்றும் வரவில்லை. அம்மா சொன்னதற்காக வந்து உட்கார்ந்தாள். முதல் பலகை வரைக்கும் பிரிக்க வேண்டும் என்றேன். வெந்நீரில் துணியை நனைத்து வைத்தால் ஃபெவிகால் இளகும். மூன்றும் இரண்டும் வந்துவிட்டன. சாய்வு சீவுவதைச் செய்துகாட்டுகிறேன் என்று கத்தியை வாங்கினேன். பேச்சு வேகத்தில் நரம்போட்டத்தை கவனிக்கவில்லை. முதல் பலகையின் விளிம்பு ஓர் அங்குல நீளத்துக்குப் பிளந்துகொண்டு வந்துவிட்டது.

"என்ன சித்தப்பா, ஈஸினு சொன்னீங்க?"

"நான் சொன்னது தப்பும்மா. இந்த இடம் கஷ்டம். எனக்கு எப்பவுமே கஷ்டம்."

அவள் கத்தியை வாங்கிக்கொண்டாள். பிளந்த சிம்பைப் பசை வைத்து ஒட்டி, அம்மாவின் துணிக்கிளிப் இரண்டைப் போட்டோம். காலைவரை தொடக்கூடாது. மறுபக்கத்துப் பலகையை அவளே மூக்கிலிருந்து சீவ ஆரம்பித்தாள், நான் சொல்லியிருந்ததற்கு நேர் எதிர்த் திசையில். நரம்போட்டம் அந்தப் பக்கம்தான் போகிறது என்றாள். குனிந்து பார்த்தேன். ஆமாம், அப்படித்தான் போனது.