நடுவர் காணாத கை

2009 நவம்பர் 18 அன்று பாரிஸ் அருகே ஸ்டாட் டு ஃபிரான்ஸ் மைதானத்தில் பிரான்சும் அயர்லாந்தும் கால்பந்தில் மோதின. தென்னாப்பிரிக்க உலகக்கோப்பைக்கான ப்ளே-ஆஃப் தகுதிச்சுற்றில் அது இரண்டாவது ஆட்டம். டப்ளினில் பிரான்ஸ் 1-0 என வென்றிருந்தது. இங்கே ராபி கீன் அடித்த கோல் கணக்கைச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில், 103ஆம் நிமிடத்தில், கோட்டைத் தாண்டவிருந்த பந்தைப் பிரான்ஸின் தியரி ஹென்றி இடக்கையால் இருமுறை தடுத்துக் காலுக்கு இறக்கி, வில்லியம் கல்லாஸிடம் தள்ளினார். கல்லாஸ் தலையால் முட்டிக் கோலாக்கினார். ஸ்வீடன் நாட்டு நடுவர் மார்ட்டின் ஹான்சன் கண்ணில் அந்தக் கை படவில்லை. பிரான்ஸ் உலகக்கோப்பைக்குப் போனது.

கையில் பட்டது உண்மைதான், ஆனால் நான் நடுவர் இல்லையே என்றார் ஹென்றி, ஆட்டம் முடிந்தபின். உலகம் அவர் கையைத்தான் ஏசியது. கை குற்றவாளியே அல்ல என்றுகூடச் சொல்லலாம். ஓட்டத்தின் வேகத்தில் உடம்பு செய்த காரியம் அது. விசாரிக்கவேண்டியது அதன்பின் வந்த ஒரு நிமிடத்தை. அயர்லாந்து வீரர்கள் நடுவரைச் சூழ்ந்து கத்திக்கொண்டிருந்தபோது, உண்மையை ஐயமின்றி அறிந்தவர் கொண்டாடிக்கொண்டிருந்தார்.

அவர் ஒருவருக்காக மட்டும் ஆடவில்லை, சக வீரர்களின் நான்கு வருட உழைப்பைத் தன் மனச்சாட்சிக்காகப் பலியிட அவருக்கு ஏது உரிமை என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கணக்கர் கவனிக்காததால் கூடுதலாக வந்த சில்லறை நம்முடையதாகிவிடாது. தமக்குச் சேராத ஒன்றைச் சக வீரர்கள் இழக்கவும் முடியாது. இன்னொன்றும் உண்டு. ஒப்புக்கொண்டிருந்தால் பிரான்ஸ் தோற்றிருக்காது. ஆட்டம் 1-1 என்ற மொத்தக் கணக்கிலேயே தொடர்ந்து, பெனால்டி வரை போயிருக்கலாம். உண்மையின் விலை அவ்வளவுதான். 2012இல் லாட்சியோவுக்கு ஆடிய மிரோஸ்லாவ் க்ளோசே, நாப்போலிக்கு எதிராகத் தன் கையில் பட்டுப் போன கோலைத் தானே நடுவரிடம் சொல்லி ரத்துசெய்ய வைத்தார். லாட்சியோ 3-0 எனத் தோற்றது. அது லீக் ஆட்டம், உலகக்கோப்பை வாசல் அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அயர்லாந்து மறுஆட்டம் கேட்டது, ஃபிஃபா மறுத்தது. அதே நாளில் ஹென்றியும் மறுஆட்டமே நியாயம் என்று அறிக்கை விட்டார். காலம் கடந்த நேர்மைக்குச் செலவு குறைவு. ஃபிஃபா மறுத்ததைக் கொடுமை என்று எளிதில் சொல்லிவிட முடியாது. 2005இல் தாஷ்கண்டில் உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றில் பஹ்ரைனை எதிர்த்த உஸ்பெகிஸ்தான் பெனால்டியைக் கோலாக்கியது. உதைக்குமுன் சக வீரர் பெனால்டி எல்லைக்குள் நுழைந்துவிட்டதால் ஜப்பானிய நடுவர் மறுபடி உதைக்கச் சொல்லியிருக்கவேண்டும். அவரோ பஹ்ரைனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்தார். விதியையே தப்பாகப் பயன்படுத்தியதால் ஃபிஃபா மறுஆட்டம் வைத்தது. முதலில் 1-0 என வென்றிருந்த உஸ்பெகிஸ்தான் இப்போது 1-1 என்று முடித்து, பஹ்ரைனில் 0-0 ஆகி, எதிரணி மண்ணில் அடித்த கோல் கணக்கில் வெளியேறியது. அநீதிக்கு ஆளானவரே பரிகாரத்திலும் அடிபட்டார். ஆட்டம் முடிந்தபின் எந்த அதிகாரியாலும் அந்த நிமிடத்தை மீட்டுத்தர முடியாது. அதனால்தான் அப்போது வாய் திறக்கக்கூடிய ஒரே மனிதரின் மீது சுமை இவ்வளவு கனக்கிறது. கேமரா இப்போது நடுவருக்குத் துணை வந்துவிட்டது. அந்தச் சுமையைக் கேமராவிடம் இறக்கிவைக்கும் பழக்கமும் கூடவே வந்திருக்கிறது.

ஆனால் ஃபிஃபாவை அத்துடன் விட்டுவிட முடியாது. மறுஆட்டம் இல்லை என்று வெளியில் சொன்ன அமைப்பு, வழக்கைத் தவிர்க்க அயர்லாந்துக் கால்பந்து சங்கத்துக்கு ரகசியமாக 50 லட்சம் கொடுத்தது 2015 ஜூனில் அம்பலமானது. சங்கம் அதை யூரோ என்றது. ஃபிஃபா டாலர் என்றது, மைதானம் கட்டத் தந்த கடன் என்றும் 2014 இறுதியில் தள்ளுபடி செய்ததாகவும் விளக்கியது. தவறு நடக்கவில்லையென்றால் பணம் எதற்கு? நடந்ததென்றால் மறைப்பு எதற்கு? சங்கத்திடமும் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த இரவில் ஏமாந்தவர்கள் களத்தில் நின்ற வீரர்களும், கடல் தாண்டி வந்து பார்த்த ரசிகர்களும். அவர்கள் பெயரில் வாங்கிய தொகையைப் பற்றி ஐந்து ஆண்டுகளுக்குமேல் அவர்களிடமே மூச்சுவிடாமல் இருந்தவர்கள், ஹென்றியின் ஒரு நிமிட மௌனத்தைக் குறைசொல்லும் தகுதியில் பெரும்பகுதியை அப்போதே விற்றுவிட்டார்கள்.