நீருக்கடியில் ஐபு

பழைய உல்லாச மோட்டார்ப் படகை விற்பவர், "உள்ளது உள்ளபடி" என்று பத்திரத்தில் எழுதிவிட்டால் அவர் பொறுப்பு தீர்ந்ததா? இதுவே நம் கேள்வி.

கண்ணாடி அடைத்த சுக்கான் அறையும் மெத்தை ஆசனங்களும் எவர் கண்ணிலும் படும். கண்ணாடியிழை அடிப்பாகத்தில் நீர் ஊறி எழும்பிய கொப்புளங்களோ படகைக் கரையேற்றினாலன்றித் தெரியா; மேலே சாயம் பூசிவிட்டால் அப்போதும் தெரியா.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலில் கைவிட்டு, உள்ளே ஈரம் கண்டார்கள். மழை நனைத்தது என்றார் வியாபாரி. ஜனங்கள் பார்க்க அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டார்கள்.

வாங்குபவர் சர்வேயரை அழைத்து வரட்டுமே என்பர் சிலர். வரட்டும், நல்லதுதான். ஆனால் நாம் அறிந்த பழுதை அவர் கூலி கொடுத்துக் கண்டுபிடிக்கட்டும் என்று வாய்மூடி நிற்பது வியாபாரமா?

மறைந்த ஐபு வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தர வாங்கியவருக்கு ஃபிக்ஹில் உரிமை உண்டு. லங்காவி வரை ஓட்டிச் சென்று பழுதைக் கண்டவர், விற்றவரை எங்கே தேடுவார்?