முன்பணமும் கைத்தொழிலும்



வருகிற மே மாதம் 1ந் தேதி தொழிலாளரான அர்ச். சூசையப்பர் திருநாள். 1955ஆம் வருஷம் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் இத்திருநாளைத் திருச்சபைக்கு ஏற்படுத்தித் தந்தார். அன்று நம் பங்கிலே கொத்தனார்கள் கரண்டியும் தூக்குக்குண்டும், டிரைவர்மார் வண்டிச் சாவியும், தையல்காரப் பெண்கள் கத்தரியும் கொண்டுவந்து மந்திரித்துக்கொண்டு போவது வழக்கம். நல்ல வழக்கந்தான். இவ்வருஷம் அவைகளோடு வேறொன்றையும் பீடத்தண்டையில் கொண்டுவந்து வைக்கும்படி உங்களைக் கேட்கப்போகிறேன். அதற்கு முன் என் பேரிலுள்ள ஒரு குற்றத்தைச் சொல்லவேண்டியிருக்கிறது.

மூன்று வருஷங்களுக்கு முன் மே மாதக் கடைசியில் ஒரு விதவைத் தாய் தன் மகனை அழைத்துக்கொண்டு அறைவீட்டுக்கு வந்தாள். "சாமி, பையன் பத்தாவதிலே கணக்கிலே போயிட்டான். வடக்கே முறுக்குக் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறாங்க. முன்பணம் நாற்பதாயிரம் கையிலே கொடுக்கிறாங்க. நல்ல பையன்னு நீங்க ஒரு கடிதம் கொடுத்தா போதும்" என்றாள். அவளுடைய வீட்டுக் கடன் எனக்குத் தெரியும். பையனையும் தெரியும், பீடச் சிறுவனாயிருந்தவன். எங்கே போகிறான், எத்தனை மணி வேலை, அந்த நாற்பதாயிரம் எப்படிக் கழியும், என்ன கற்றுக்கொள்ளுவான் என்று ஒரு வார்த்தை நான் விசாரிக்கவில்லை. கடிதம் எழுதினேன். பங்கு முத்திரையும் வைத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து அவன் திரும்பி வந்தான். வலது கையில் முழங்கைவரை எண்ணெய் தெறித்த தழும்புகள். முன்பணம் கழிந்ததுபோக மிஞ்சியது சொற்பம். "என்னடா கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டேன். "மாவு பிசைவேன் சாமி, அடுப்பு பற்றவைப்பேன்" என்றான். மாவும் உப்பும் காரமும் என்ன அளவென்று மாஸ்டர் ஒருநாளும் காட்டவில்லையாம். மாவு கலக்கும் நேரத்தில் பையன்களை வெளியே அனுப்பிவிடுவாராம். இரண்டு வருஷம் முறுக்குச் சுட்டவனுக்கு முறுக்குச் சுடத் தெரியாது! இன்றைக்கு அவன் சந்தையில் மூட்டை இறக்குகிறான். அந்த இரண்டு வருஷத்துக்கு உத்தரவாதம் சொல்லவேண்டியவர்களில் நானும் ஒருவன்.

ஏழைக் குடும்பத்தின் பிள்ளை ஏழையாகவே இருப்பதற்கு உழையாமை காரணம் என்று நம்மில் சிலர் தாராளமாய்ப் பேசுகிறோம். அவன் உழைக்கவில்லையா? விடியுமுன்னே எழுந்து உழைத்தான். வயதுப் பிள்ளையின் கை எதையும் சீக்கிரத்தில் பிடித்துக்கொள்ளும் காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தை நாற்பதாயிரத்துக்கு வாங்கிப் போனார்கள். பெண்பிள்ளைகளுக்கும் இதுவே நடந்தது. கலியாணத்துக்குப் பணம் சேரும் என்று சொல்லி நூற்பாலைகளுக்கு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் அழைத்துப் போனார்களே, அந்தக் கடைசித் தொகை அவர்களுடைய கூலியிலிருந்தே பிடித்துவைத்த பணமல்லவா? நடுவில் நோயாய்த் திரும்பிய பெண்களில் எத்தனையோ பேர் அதையும் இழந்தார்கள்.

"சம்மதித்துத்தானே போனார்கள், சாமி?" என்று கேட்பவர்களுக்குப் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891ஆம் வருஷம் மே 15ந் தேதி வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ என்னும் நிருபத்தில் மறுமொழி இருக்கிறது. முடையினாலும், இதைவிட மோசமானது வந்துவிடுமோ என்ற பயத்தினாலும் ஒரு தொழிலாளி கடினமான நிபந்தனைக்கு உடன்பட்டால், அவன் பலவந்தத்துக்கும் அநீதிக்கும் ஆளாகிறான் என்பதே அவருடைய போதனை. 2025ஆம் வருஷம் மே மாதம் தெரிந்துகொள்ளப்பட்ட பாப்பரசர் தமக்குச் சிங்கராயர், அதாவது லியோ என்ற அதே பெயரை வைத்துக்கொண்டதற்கு முக்கிய காரணம் அந்த நிருபமே என்று கர்தினால்மாருக்குச் சொன்னார். நூற்று முப்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் போதனைக்கு வேலை தீர்ந்துபோகவில்லை.

நம் ஆண்டவர் ஏறக்குறைய முப்பது வயதில் போதிக்கத் தொடங்கினார் என்று அர்ச். லூக்காஸ் எழுதுகிறார். அதுவரை நாசரேத்தில் என்ன செய்தார்? ஊரார் அவரை அடையாளம் சொன்னது தொழிலைக்கொண்டே: மாற்கு சுவிசேஷத்தில் தச்சர், மத்தேயு சுவிசேஷத்தில் தச்சருடைய மகன். கிரேக்க மூலத்திலுள்ள ‘தெக்தோன்’ என்ற சொல் மரவேலை செய்பவரை மட்டுமல்ல, வீடு கட்டுகிறவரையும் குறிக்கக்கூடியதென்று குருமடத்தில் எங்களுக்குப் படிப்பித்தார்கள். ஆகையால் கொத்தனார்களும் தாராளமாய் அவரைத் தங்களவர் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் அடிக்கடி நினைத்துப்பார்ப்பது ஒன்று. உலகத்தைப் படைத்த தேவசுதன் ஒரு பலகையை இழைப்பதற்கு அர்ச். சூசையப்பர் பக்கத்தில் நின்று, கையைப் பிடித்துக் காட்டியிருக்கவேண்டும். அவர் தமக்குத் தெரிந்ததில் எதையாவது மறைத்துவைத்திருப்பாரோ?

இங்கே மேஸ்திரிமாரோடு கொஞ்சம் பேசவேண்டும். "தொழிலை முழுசாச் சொல்லிக் கொடுத்தா நாளைக்கு எதிரிலேயே கடை போடுவான் சாமி" என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். பயம் நியாயமானதே, அப்படிக் கடை போட்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்காகப் பத்து வருஷம் ஒருவனைக் கையாளாகவே வைத்திருப்பதும், ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கவும் டீ வாங்கிவரவும் மட்டும் விடுவதும் எந்தக் கணக்கில் சேரும்? அவன் கூலியைப் பிடித்தால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுவீர்கள். அவன் தொழிலைப் பிடித்துவைத்ததை யாரும் இதுவரை என்னிடம் சொன்னதில்லை. இன்னொன்றும் சொல்லுகிறேன், மனஸ்தாபம் வேண்டாம். சில பட்டறைகளில் இன்ன தெருப் பிள்ளைகளுக்கு மட்டும் தொழில் திறக்கிறது, மற்றத் தெருப் பிள்ளைகளுக்கு விளக்குமாறுதான் என்று எனக்குத் தெரியும். நம் கோவிலில் ஞானஸ்நானத் தொட்டி ஒன்றே.

பெண்கள் விஷயம் இதிலும் மோசம். சித்தாள் வேலைக்குப் போகும் நம் தாய்மார் இருபது வருஷமாய்ச் சாந்துச் சட்டி சுமக்கிறார்கள். கொத்தனார் கூலியில் பாதிக்குச் சற்று மேல் அவர்களுக்குக் கிடைக்கிறது. பள்ளிச் சுற்றுச்சுவர் எழும்பியபோது, சட்டியை இறக்கிவைத்த ஒரு அம்மாள், "தம்பி, மூலை சாயுது" என்றாள். இளம் கொத்தனார் சிரித்தார். குண்டு விட்டுப் பார்த்தால் சாய்ந்துதான் இருந்தது! அந்தக் கண்ணுக்கு ஏன் கரண்டி கொடுக்கப்படவில்லை? பெண்ணால் ஆகாதென்பது பொய். அஹமதாபாத்தில் எலா பட் அம்மையார் 1972ல் தொடங்கிய ‘சேவா’ என்னும் பெண் தொழிலாளர் சங்கம், கட்டட வேலைப் பெண்களுக்குக் கொத்து வேலையே பயிற்றுவித்திருக்கிறது.

அர்ச். ஜான் போஸ்கோ சுவாமியார் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறார். இத்தாலியாவில் தூரின் பட்டணத்துக்குக் கிராமங்களிலிருந்து பிழைக்க வந்த சிறுவர்களை அவர் ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேசத்துக்குச் சேர்த்ததோடு நிறுத்தவில்லை. வாரநாட்களில் அவர்கள் வேலைசெய்த கட்டடங்களுக்கும் பட்டறைகளுக்கும் நேரில் போய்ப் பார்த்தார். பிறகு மேஸ்திரிகளோடு எழுத்துமூலமாய் ஒப்பந்தம் செய்தார். 1852ஆம் வருஷம் பெப்ருவரி 8ந் தேதி முத்திரைக் காகிதத்தில் எழுதிய ஒன்று இன்றும் இருக்கிறது. தச்சு மேஸ்திரியின் பெயர் சூசை. பையன் பெயரும் சூசை! இரண்டு வருஷத்துக்குள் தொழிலைக் கற்பிக்கவேண்டும், தவறு செய்தால் வாயால் திருத்தலாம், கைநீட்டக்கூடாது, தொழிலைச் சேர்ந்த வேலையே கொடுக்கவேண்டும், அதுவும் பலத்துக்கு மிஞ்சாமல், திருநாட்களில் ஓய்வு, வருஷத்தில் பதினைந்து நாள் விடுமுறை, படிப்படியாய் உயரும் நாட்கூலி. பையன் பணிவோடும் கவனத்தோடும் இருக்கவேண்டும். அவனால் சேதம் உண்டானால் தகப்பன் பொறுப்பு. சுவாமியார் நடுவில் நின்று கையெழுத்திட்டார். அவரும் கடிதம் எழுதிய குரு, நானும் கடிதம் எழுதிய குரு. வித்தியாசம் உங்களுக்கு விளங்கும்.

இனிப் பெற்றோருக்கு. கடன்காரன் வாசலில் நிற்கும்போது இரண்டு வருஷப் படிப்பைப்பற்றிப் பேசுவது எளிதல்ல. "வயிறு நிறைஞ்ச சாமியார் சொல்றது சுலபம்" என்று ஒரு தகப்பன் என் முகத்துக்கு நேரே சொன்னார். சரியாகவே சொன்னார். ஆகிலும் சில விவரங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். பத்தாவதில் தவறிய பிள்ளைக்குக் கதவு அடைபடவில்லை; எட்டாவது தேறியிருந்தாலே ஐ.டி.ஐ.யில் வெல்டர், ஒயர்மேன் போன்ற பிரிவுகளில் சேரலாம். வெல்டர் படிப்பு ஒரே வருஷம். பிட்டர், எலெக்ட்ரீஷியன் ஆகியவைகளுக்குப் பத்தாவது தேறவேண்டும், இரண்டு வருஷம். பத்தாவது தேறி அப்படி இரண்டு வருஷம் முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருஷத்தில் சேர வழியுண்டு. தொழிற்சாலையில் வேலை பழகுகிறவனுக்கு உதவித்தொகை கொடுக்கவேண்டுமென்று 1961ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம் சொல்லுகிறது. கட்டட வேலை செய்கிறவர்கள் 1994ல் ஏற்பட்ட நலவாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா? பதிந்தவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்புதவி உண்டு. நம் பங்கில் கேட்டுப்பார்த்தேன். பாதிப்பேருக்கு அட்டை இல்லை, சிலருடைய அட்டை புதுப்பிக்கப்படாமல் பெட்டிக்குள் கிடக்கிறது. ஐ.டி.ஐ. படித்தால் மறுநாளே வேலை என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பையனோடு படித்தவன் ஒருவன் ஒயர்மேன் முடித்து ஏழு மாதம் சும்மா அலைந்தான். இப்போது வேலையில் இருக்கிறான்.

அந்த இரண்டு வருஷம் வீட்டில் அடுப்பெரிவது எப்படி? இதற்குத்தான் பங்குக் கமிட்டியும் அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையும் கூடிப் பேசினோம். சூடாகவே பேசினோம். இவ்வருஷப் பாதுகாவலர் திருவிழாவில் வாணவேடிக்கை இராது. தேருக்கு விளக்கு உண்டு, தெருவெல்லாம் சீரியல் விளக்கு இராது. மிஞ்சும் பணம், தொழில் படிக்கும் பிள்ளைகளின் வீட்டுக்கு மாதந்தோறும் போகும். இதில் அதிருப்தியுள்ளவர்கள் கமிட்டிக்காரரை ஏசவேண்டாம், என்னிடம் வாருங்கள்.

இப்போது நான் கேட்பதாகச் சொன்ன காரியம். மே 1ந் தேதி பூசைக்கு மேஸ்திரிமார், பட்டறைக்காரர், தையற்கடைக்காரர், எலெக்ட்ரிக் கான்ட்ராக்டர்கள் யாவரும் தங்கள் கருவிகளோடு ஒரு ஒப்பந்தக் காகிதமும் கொண்டுவாருங்கள். அச்சடித்த தாள் அறைவீட்டில் கிடைக்கும். எந்தப் பிள்ளைக்கு, என்ன தொழில், எத்தனை மாதத்தில், என்ன கூலியில் என்று அதில் எழுதி, மேஸ்திரியும் பெற்றோரும் கையெழுத்திடவேண்டும். மூன்றாவது கையெழுத்து என்னுடையது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் பட்டறைக்கு வந்து பார்ப்பேன், முன்னறிவிப்பில்லாமல். பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளை உயரத்து வேலைக்கும் ஆபத்தான யந்திரத்துக்கும் விடுவதில்லை என்று தாளிலேயே அச்சாகியிருக்கிறது. சித்தாள் வேலையிலிருந்து கொத்து வேலை பழக விரும்பும் பெண்களுக்குத் தனித் தாள் இல்லை, இதே தாள்தான். வெளியூருக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டுகளுக்கு இனிமேல் பங்கிலிருந்து கடிதம் கிடைக்காது.

இதுவரை பெயர் கொடுத்த பிள்ளைகளும் பெண்களும் 17 பேர். முதலில் எழுதிக்கொண்டவன் சந்தையில் மூட்டை இறக்கும் அந்தப் பையன். வெல்டிங் பழக வேண்டுமாம். பெயர் கொடுத்த மேஸ்திரிமார் 5 பேர். வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பள்ளி வராந்தாவில் மேஜை போட்டிருக்கும். பகல் 12 மணிவரை நான் அங்கேயே இருப்பேன்.

உங்கள் பங்குக்குரு