யாரோ விழித்திருக்க வேண்டும்

கிருஷ்ணகிரி தாண்டி, 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு டாபா. இரவு பதினோரு மணிக்கு முப்பது, நாற்பது லாரிகள் நின்றிருந்தன. பரோட்டா ரப்பர் மாதிரி இருந்தது. குருமாவைப் பற்றிப் பேசாமல் விடுவதுதான் மரியாதை. எதிரில் நாமக்கல் பக்கத்து டிரைவர் ஒருவர். "இந்தச் சாப்பாட்டுக்கா அண்ணே இவ்வளவு கூட்டம்?" என்றேன்.

"சோத்துக்கு யாருங்க தம்பி வர்றா? இங்க ராத்திரிக்கு வாட்ச்மேன் இருக்காப்ல. வண்டியப் போட்டுட்டுக் கண்ண மூடலாம்."

குளிக்கத் தொட்டித் தண்ணீர், ஓரமாகப் பஞ்சர் கடை, வரிசையாகக் கயிற்றுக் கட்டில்கள். சாப்பிட்டால் கட்டிலுக்குக் காசில்லை. ஆனால் அங்கே விற்பனையாவது, நாம் தூங்கும்போது இன்னொருவர் விழித்திருப்பது. முன்பெல்லாம் அது கிளீனரின் வேலை. இப்போது பல வண்டிகளில் கிளீனரே கிடையாது, ஒரு ஆள் சம்பளம் மிச்சம். தனியாக வரும் டிரைவர் ரோட்டோரம் ஒதுங்கித் தூங்கினால், விடிவதற்குள் யாரோ டீசலை உறிஞ்சியிருக்கலாம், தார்ப்பாயைக் கிழித்திருக்கலாம். போன சரக்குக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒன்றைக் கிடத்தியிருப்பார்கள். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்களின் நினைவாக வைக்கும் வழக்கம் உண்டு. தலைச்சுமையை யார் கையையும் எதிர்பார்க்காமல் இறக்கலாம், பிறகு தானே ஏற்றிக்கொண்டு நடக்கலாம். நன்றி சொல்லக்கூட எதிரே ஆள் இருக்காது. தர்மம் என்றால் எனக்கு அந்தக் கல்தான் ஞாபகம் வரும். லாரியின் பாரத்தை அப்படி எங்கே இறக்கி வைப்பது? இன்ஜினை அணைத்தாலும் அது டிரைவர் தலையில்தான் இருக்கிறது.

1961இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், இரவில் தங்க நேரும் இடங்களில் முதலாளி ஓய்வறை தர வேண்டும் என்றது. பொதுவாக நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை என்றும் சொன்னது. ஆனால் ஐந்து பேராவது வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கென்று எழுதப்பட்ட சட்டம் அது. கடன் வாங்கி ஒரு லாரி, இரண்டு லாரி ஓட்டும் முதலாளிகள் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. சில சமயம் முதலாளியும் டிரைவரும் ஒரே ஆள்.

டாபாக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் வியாபாரி, விற்கிறார். அந்தத் தூக்கத்துக்குக் கடன்பட்டவர்கள் வேறு ஆட்கள்: சரக்கை அனுப்பியவர், வாங்கியவர், 'நாளைக்கே டெலிவரி' என்று போனில் அழுத்திய நான். எங்கள் கடனை அவர் பரோட்டா விலையில் அடைத்துக்கொண்டிருக்கிறார். இப்படி யோசித்ததும் அவருடைய பில்லையும் நானே கொடுக்கலாமா என்று தோன்றியது. அது வெறும் பாவனை என்றும் உடனே தோன்றியது. கொடுக்கவில்லை.

அவர் கைகழுவிவிட்டு வாட்ச்மேனிடம், "மூணு மணிக்கு எழுப்பி உடுங்கய்யா" என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்குப் போனார். வாட்ச்மேனுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கையில் டார்ச்சு, தலையில் மப்ளர்.

"நீங்க எப்பங்கய்யா தூங்குவீங்க?"

"காலைல பஸ்ல" என்றவர், டீசல் டேங்குகளின் மேல் வெளிச்சம் அடித்துக்கொண்டே நடந்தார்.